கம்பியில்லாத வாய்ப்பூட்டு

கும்மிடிப்பூண்டியில் மீன்காரச் செல்லியம்மாளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடலாம். அவள் தலையில் கூடையோடு ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே, இரண்டு தெரு தள்ளி இருப்பவள் மசாலா அரைக்க உட்கார்ந்துவிடுவாள். "மடவே... நண்டே... எறாஆஆ" என்று மடவை மீனையும் நண்டையும் இறாலையும் கூவி அவள் இழுக்கிற இழுப்பில் கடைசி 'ஆ' மட்டும் தனியாகப் பிரிந்து போய், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு ஓட்டின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் இறங்கும். வாயாடி என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை அவள் மூக்குத்தி மாதிரி நிமிர்ந்தே போட்டுக்கொண்டிருந்தாள். சண்டை என்று வந்துவிட்டால், எதிரில் நிற்பவள் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய தாத்தனையும் பாட்டனையும் இழுத்துவந்து நடுத்தெருவில் நிறுத்திவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகளுக்கு வாய் திறக்காது.

ரத்னா பிறக்கும்போது எந்தக் குறையும் இல்லை. சுண்ணாம்புகுளத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கும் குப்பத்தில் அவள் பிறந்தபோது போட்ட கூச்சலைக் கேட்டு, படகில் இருந்த அவள் அப்பன் தேசப்பன் "சர்தான், இதுவும் அம்மா மாதிரிதான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டானாம். இரண்டு வயதில் குழந்தைக்குக் காதில் சீழ் வைத்தது. யார் யாரோ சொன்னதை எல்லாம் காய்ச்சி ஊற்றினார்கள். சீழ் நின்றது, காய்ச்சல் விட்டது, நல்லதாகப் போயிற்று என்று இருந்தார்கள். அதற்கப்புறம்தான் கொட்டாவி பாதியில் நிற்க ஆரம்பித்தது. பிறகு சோற்று உருண்டை போகவில்லை. பிறகு ஊட்டுகிற விரல் போகவில்லை. கடைசியில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கெட்டியாகச் சேர்ந்து நின்றுவிட்டன.

வாயோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தலை வளர்ந்தது, நெற்றி வளர்ந்தது, மூக்கு வளர்ந்தது. கீழ்த்தாடை மட்டும் கைக்குழந்தையின் தாடையாகவே தங்கிவிட்டது. பக்கத்திலிருந்து பார்த்தால், உதட்டுக்குக் கீழே முகவாய் என்று ஒன்று இல்லாமல் முகம் நேராகக் கழுத்துக்குள் இறங்கும். குப்பத்துப் பிள்ளைகள் அவளை மைனா என்று கூப்பிட்டார்கள். பெயர் அழகான பெயர்தான். கூப்பிட்ட விதம் அழகாக இல்லை.

முன்பல் ஒன்று விழுந்த சந்து வழியாகக் கஞ்சியை உறிஞ்சித்தான் அவள் உயிர் பிழைத்தாள். பால்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் முளைத்துவிட்டால் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று பயந்து அழுத தாய், உலகத்தில் செல்லியம்மாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஒவ்வொரு வேளையும் கெளுத்தி மீனுக்கும் நண்டுக்கும் சண்டை மூட்டிவிட்டு, இரண்டு பேருக்கும் தானே குரல் கொடுத்து, அந்தக் கதையின் சுவாரசியத்தில் கஞ்சியை உள்ளே தள்ளுவாள். ரத்னா பல்லைக் கடித்தபடி சிரிப்பாள். பல்லைக் கடித்தபடியே பேசுவாள். அந்தப் பேச்சு அம்மாவுக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு மீன் விற்க வருவாள். செல்லியம்மாள் கூவும்போது, பெண் அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பல்லிடுக்கில் சொன்னது.

"எம்மா, நானும் ஒருநாளு எறான்னு கூவணும்மா."

செல்லியம்மாளுக்கும் ஓர் ஆசை இருந்தது. யாரிடமும் சொல்லாத ஆசை. இந்தப் பெண் வாய் நிறையச் சோற்றை வைத்து மென்றுவிட்டு, வாய் நிறைய ஒரே ஒரு தடவை 'எம்மா' என்று கத்திக் கூப்பிட வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்கக் கத்துகிற அதே கத்தல்தான். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் 'சனியனே, இன்னா' என்று சலித்துக்கொள்வதைக் கேட்டால் இவளுக்கு வயிறு எரியும்.

குப்பத்துப் பெண்கள் இதற்கு வைத்திருந்த பெயர் வாய்ப்பூட்டு. அம்மன் பூட்டிவிட்டாள் என்பார்கள். திருவிழாவில் தீ மிதிக்கிறவர்கள் பேசாமல் விரதம் இருந்து, இரண்டு கன்னத்தையும் சேர்த்து வெள்ளிக் கம்பியைக் கோர்த்துக்கொள்வார்களே, அதற்கும் வாய்ப்பூட்டு என்றுதான் பெயர். அதனால் இது தெய்வ காரியம் என்பதில் குப்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. செல்லியம்மாளுக்கோ துளியும் இல்லை. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மீன் ஏலத்தில் ஒருத்தியோடு மல்லுக்கு நின்றபோது, ஒரு பிடி மண்ணை வாரி எறிந்து "உன் வாய் பூட்டிக்கினு போவ!" என்று சபித்திருந்தாள். அந்தச் சொல் ஊரைச் சுற்றிவிட்டுத் தன் மடியிலேயே வந்து விழுந்துவிட்டது என்று நம்பினாள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த ஒரு டாக்டரம்மா ரத்னாவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஆபரேஷன் பண்ணலாம்மா, பட்டணத்துக்குக் கூட்டிப்போ" என்றாள். அதுவரைக்கும் இது வைத்தியத்தில் சேர்த்தி என்றே அவர்களுக்குத் தெரியாது. பாசஞ்சர் வண்டி ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வராண்டாவாக விசாரித்துக்கொண்டு போய், கடைசியில் டாக்டர் ஆதிநாராயணன் முன்னால் நின்றார்கள். அவர் ரத்னாவின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து அழுத்தி, "வாயை அசை பார்க்கலாம்" என்றார். அசையவில்லை.

"கதவுக்குக் கீல் இருக்கில்ல, அந்த மாதிரி தாடைக்கு இங்க கீல் இருக்கு. காதுச் சீழ் அங்க எறங்கி, கீலு எலும்போட எலும்பா ஒட்டிப்போச்சு. தாடை வளர்றதும் அந்த எடத்துலதான். அதனாலதான் வளராம நின்னுடுச்சு. ஒட்டுனதை வெட்டி எடுத்துட்டு, விலா எலும்போட நுனியில ஒரு துண்டு எடுத்து அங்க வைப்போம். அது பிடிச்சிக்கிட்டா குழந்தையோட சேர்ந்து அதுவும் வளரும்."

"விலா எலும்பு தாடையில மொளைக்குமா சார்?" என்றான் தேசப்பன். அவன் வலை பின்னுகிறவன். ஓர் இடத்து நூலை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டுப்போடுவது அவனுக்குப் புரியும். எலும்பில் அது நடக்கும் என்பதுதான் புரியவில்லை.

"மொளைக்கும். ஆனா மெதுவா. முகவாய் வர்றதுக்கு வருஷக்கணக்காகும். பெரியவளானப்புறம் இன்னொரு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தி, செல்லியம்மாளைப் பார்த்தார். "எங்க வேலை பாதிதாம்மா. மீதி உன் வேலை. ஆபரேஷன் முடிஞ்சு தினமும் வாயைத் தொறந்து தொறந்து பழக்கணும். வலிக்கும், அழுவா. பாவம்னு விட்டா மறுபடியும் ஒட்டிக்கும். மறுபடி ஒட்டினா இதைவிட மோசம்."

"வுடமாட்டேன் சார்" என்றாள் செல்லியம்மாள். "அவ வாயத் தொறக்கறத வுட எனுக்கு வேற இன்னா வேல?"

தை மாதத்தில் ஒரு காலை ரத்னாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு மயக்கம் கொடுக்கிற குழாயை மூக்கு வழியாகத் தடவித்தான் உள்ளே விட வேண்டும், முடியாவிட்டால் தொண்டையில் துளை போட வேண்டிவரும் என்று சொல்லியிருந்தார்கள். செல்லியம்மாள் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எந்த நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் மனம் அலைந்தது. பிறகு எழுந்து, சுவரைப் பார்த்து நின்று, பெரியபாளையத்தாளிடம் பேசினாள். ஆடிக்கு ஆடி குப்பமே வேப்பிலை கட்டிக்கொண்டு போய் நிற்கிற பவானியம்மன் அவள். செல்லியம்மாளுக்கு வேண்டிக்கொள்வதுகூட மெதுவாக வராது. வராண்டா முழுக்கக் கேட்டது.

"தாயே, எம்புள்ள வாயில கீற பூட்ட எட்து என் வாயில போடு. அவ வாய் தொறந்துச்சின்னு காதுல வியுந்த நிமிசத்துலருந்து நான் மூடிக்கிறேன். ஆடி மாசம் உன் வாசல்ல பொங்க வெக்கிற வரிக்கும் ஒரு சொல்லு பேசமாட்டேன். கம்பி இல்லாத பூட்டுன்னு வெச்சிக்க."

முந்தானை முடிச்சிலிருந்து மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து மணிக்கட்டில் காப்பாகக் கட்டிக்கொண்டாள். தேசப்பன் அவளையே பார்த்தான்.

"ஆடி வரிக்குமா? நீயா?"

"ஏன், முடியாதா?"

"இல்ல... மீன யாரு விப்பா? புள்ளைய யாரு பேசிக்கினு பாத்துக்குவா?"

"அதெல்லாம் தாயி பாத்துக்குவா. நீ சொம்மா பேஜாரு பண்ணாத" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. ஏனென்றால் அப்போது கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் லட்சுமியம்மாள் வந்து, தொண்டையில் துளை போடாமலேயே எல்லாம் நல்லபடியாக முடிந்தது, பெண்ணுக்கு வாய் திறந்துவிட்டது என்று சொன்னாள். செல்லியம்மாள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காயத்தின் கட்டைப் பிரித்து மாற்றும்போது டாக்டர் ரத்னாவின் பற்களுக்கு நடுவே தன் விரலைக் கொடுத்து மெல்லத் திறந்து காட்டினார். உள்ளே நாக்கு தெரிந்தது. சின்ன, சிவந்த, ஈரமான நாக்கு. கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தது. அதற்கப்புறம் செல்லியம்மாள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. ரத்னா வீங்கிய முகத்தோடு அம்மாவைத் தேடிப் பார்த்தாள். வார்த்தை கொழகொழவென்று வந்தது.

"நல்லாகீதாம்மா?"

எத்தனையோ வருஷமாக அம்மா பேசியே வளர்ந்த பிள்ளை அது. அம்மா தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். கன்னத்தைத் தடவினாள். பிள்ளை இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது ஒரு கட்டு தட்டையான மரக்குச்சிகளைக் கொடுத்தனுப்பினார்கள். குச்சி ஐஸில் இருக்குமே, அந்த மாதிரிக் குச்சி. பற்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செருக வேண்டும். நாள் போகப் போகக் குச்சி கூட வேண்டும். வாயை 'ஆ' என்று திறந்து பிடிக்கப் பழக்க வேண்டும். ரத்னாவுடைய விரல் மூன்று சேர்ந்தாற்போல் நுழைகிற வரைக்கும் விடக்கூடாது. "ஆ சொல்லச் சொல்லி வெளையாட்டு காட்டும்மா, சின்னப் புள்ளதானே" என்று நர்ஸ் சொன்னதற்கும் செல்லியம்மாள் தலையைத்தான் ஆட்டினாள்.

குப்பத்தில் அவளுடைய விரதத்தைப் பற்றி ஒரே பெருமை. செல்லியம்மாள் பேசாமல் இருக்கிறாள் என்பதைவிடப் பெரிய அதிசயம் ஏரிக்கரையில் நடந்ததில்லை. சண்டைக்காரிகள் வேண்டுமென்றே வந்து வம்பிழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். கும்மிடிப்பூண்டித் தெருவில் அவள் கூடையின் மேல் அலுமினியத் தட்டைத் தட்டிக்கொண்டு நடந்தாள். ஈயம் பூசுகிறவன் என்று நினைத்துச் சிலர் பாத்திரத்தோடு வெளியே வந்தார்கள். விற்காத மீன் வீட்டுக்கு வந்து கருவாடாகியது. அதையெல்லாம் அவள் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. எவ்வளவு கஷ்டமோ அவ்வளவுக்குப் பூட்டு கெட்டியாக விழுகிறது என்று தெம்புதான் வந்தது.

குச்சி வைக்கிற வேளைதான் அவளுக்கு நரகமாக இருந்தது. முன்பெல்லாம் கெளுத்தியும் நண்டும் சண்டை போட்ட இடத்தில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. அம்மா பேசாமல் வந்து, பேசாமல் மடியில் படுக்கவைத்து, பேசாமல் குச்சியைச் செருகுகிறாள். வலிக்கிறது என்று பிள்ளை கத்தினால், 'கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு' என்று சொல்ல அந்த வாய் துடிக்கும், பல்லைக் கடித்துக்கொள்வாள். கீழே இருந்து பார்க்கிற பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தன்னை நோகடிக்கிற ஒரு முகம். அம்மாவிடம் அது இதற்குமுன் பார்த்தறியாத முகம்.

"எம்மேல கோவமாம்மா?"

இல்லை என்று தலையாட்டி முத்தம் கொடுத்தாள். பிள்ளை நம்பவில்லை. கோபம் இல்லாத அம்மா ஏன் பேசமாட்டாள்?

கடைசியில் தேசப்பன்தான் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய், துடுப்புப் போட்டபடி சமாதானம் சொன்னான். "கோவம் இல்ல கண்ணு. உன் வாயில ஒரு பூட்டு இருந்துச்சில்ல, அத எட்து எனுக்குப் போடுன்னு உங்கம்மா அம்மன்கைல கேட்டுக்கினா. அம்மனும் உன்கைலருந்து எட்து அவளுக்குப் போட்டுட்ச்சி. உனுக்கோசரம்தான் மூடிக்கினு கீறா." நல்லது சொல்கிறோம் என்று நினைத்துத்தான் அவன் சொன்னான். ரத்னா தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு குச்சி கூடவில்லை. குறைய ஆரம்பித்தது.

சித்திரையில் காட்டப் போனபோது டாக்டர் ஆதிநாராயணனுக்கு வந்த கோபம் சாதாரணமாக இல்லை. ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது இரண்டு விரல் நுழைந்த வாயில் இப்போது ஒரு விரல்தான் போயிற்று, அதுவும் முக்கி முக்கி. "இப்படியே போனா ஆடிக்குள்ள மறுபடியும் பூட்டிக்கும். விலா எலும்பு அங்க நல்லாப் பிடிச்சிருக்கு, எக்ஸ்ரேயில தெரியுது. வாயை அசைக்காம அதைப் பாழாக்கப் போறீங்களா?" நர்ஸ் லட்சுமியம்மாள் செல்லியம்மாளைத் தனியே கூப்பிட்டு, "புள்ள உன்னைப் பார்த்துத்தாம்மா வாயைத் தொறக்கும். நீ சேர்ந்து ஆ சொல்லு, பாட்டுப் பாடு, எதாவது பேசு" என்றாள். செல்லியம்மாள் மணிக்கட்டைத் தூக்கிக் காப்பைக் காட்டினாள். நர்ஸ் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். திரும்பி வார்டுக்குள் போய்விட்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் செல்லியம்மாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பொன்னேரி வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பேசினால் அம்மன் பூட்டைத் திருப்பிப் பிள்ளைக்கே போட்டுவிடுவாள். பேசாவிட்டால் பிள்ளை வாய் தானாகவே பூட்டிக்கொள்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சின்ன நாக்குதான் மறைகிறது. இந்த உலகத்தில் அவள் கேட்டதே ஒரு 'எம்மா'தான். அதைக்கூட எப்படிக் கேட்பது என்று தெரியாமல் போய்விட்டது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண் வாயை மூடியபடி மூச்சுவிட்டது.

மறுநாள் காலை தேசப்பன் வாசலில் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லியம்மாள் குச்சிகளோடு வந்து உட்கார்ந்தாள். ரத்னா உதட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மா தாடையைப் பிடித்தாள், பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையைப் பிடித்து இழுத்தபோதுதான் பார்த்தாள், பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு நூல் கட்டியிருந்தது. வலை நூல். நைலான் நூலில் மஞ்சள் ஏறுமா? தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறது. நூலில் ஏறாமல் கை முழுக்க அப்பியிருந்தது. செல்லியம்மாள் நூலைத் தொட்டு, என்ன என்று கண்ணால் கேட்டாள்.

"இன்னாது கையில?" என்றான் தேசப்பன்.

"காப்பு, நைனா."

"இன்னாத்துக்கு?"

"வேண்டிக்கினேன்."

"இன்னான்னு?"

பிள்ளை அம்மாவைப் பார்க்காமல், மறுபடியும் பழையபடி பல்லிடுக்கிலேயே சொன்னது. "எங்கம்மாகைலருந்து பூட்ட எட்து எனுக்கே போட்டுடுன்னு. அம்மா பேசட்டும். எனுக்குத்தான் அது பயக்கமாச்சே."

தேசப்பன் கையிலிருந்த வலை ஊசி அப்படியே நின்றது.

"நான் தொறக்காம இருந்தா அம்மன் சீக்கிரம் மாத்திடும் இல்ல நைனா? அதான் தொறக்கமாட்றேன்."

"அடிப்பாவி!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று செல்லியம்மாளுக்கே தெரியவில்லை. "யாருடி உன்ன கேக்கச் சொன்னது? யாருடி கேக்கச் சொன்னது உன்ன? பயக்கமாமே பயக்கம்! நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி கீறப்போ உனுக்கு இன்னாடி வேண்டுதல!" மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்த குரல் துருவோடு கிளம்பிக் குப்பம் முழுக்கப் பரவியது. கருவாட்டைக் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அடுத்த குடிசையில் எதையோ கீழே போட்டுவிட்டார்கள்.

பிறகுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பயன், பேசியாகிவிட்டது. பயத்தோடு மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

ரத்னா வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தாள். ஆச்சரியத்தில் தன்னை மறந்து பிளந்த வாய். எந்தக் குச்சிக்கும் இத்தனை நாளாகத் திறக்காத அளவுக்குத் திறந்திருந்தது. நாக்கு முழுசாகத் தெரிந்தது.

செல்லியம்மாள் எழுந்தாள். வாசலுக்கு வந்து, பெரியபாளையம் இருக்கிற திசையைப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மீன் ஏலத்தில் நிற்கிற அதே நிலை. பயம் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரியதாக வேறொன்று இருந்தது.

"த பாரு தாயே. சொன்ன சொல்ல மீறினது நானு, எம்புள்ள இல்ல. அது வேண்டிக்கிச்சே, அத நீ காதுல வாங்காத. சின்னப் புள்ள, அதுக்கு வெவரம் பத்தாது. எனுக்கும் பத்தல. பூட்டு வோணும்னு உன்கைல கேட்டது என் தப்புதான். உனுக்குக் கோவம்னா என் கைய எட்துக்க, கால எட்துக்க, ஒரு வார்த்த கேக்கமாட்டேன். இந்த வாய மட்டும் வுட்டுடு. இது எம்புள்ளைக்கு வோணும்."

சொல்லிவிட்டு உள்ளே போய், மீன் அரியும் அரிவாள்மணையில் வைத்து முதலில் மகளின் நூலை அறுத்தாள். நைலான் சுலபத்தில் அறுபடவில்லை. அப்புறம் தன்னுடையதை.

அன்றைக்குக் குச்சியைக் கையில் எடுக்கவில்லை. ரத்னாவை மடியில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "ஆன்னு சொல்ல வலிக்குதா? சரி, ஆ வோணாம். கூவலாம் வா. மடவே..." என்றாள்.

"மடவே" என்றது பிள்ளை, சந்தேகத்தோடு.

"நண்டே..."

"நண்டே..."

"எறாஆஆ..."

டாக்டர் கேட்ட 'ஆ' அத்தனை நாளும் இறாலில்தான் இருந்தது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, முகம் சுருங்க, கழுத்து நரம்பு தெரிய இழுத்தது. நடுவில் வலியில் உடைந்து, அழுகையாகப் போய், மறுபடியும் 'ஆ'வாக வந்தது. கூடவே செல்லியம்மாளும் அழுதுகொண்டே இழுத்தாள். தேசப்பன் வலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, கிழிசல் தேடுகிறவன் மாதிரிக் குனிந்தே இருந்தான். அதற்கப்புறம் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று அந்தக் குடிசையில் மீன் விற்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. கூவி முடித்த கையோடு, வாய் திறந்திருக்கும்போதே குச்சியை வைத்தாள். கெளுத்தியும் நண்டும் திரும்பி வந்து சண்டை போட்டன. வலித்தது; ஆனால் வலிக்கும்போது காதருகே ஒரு குரல் இருந்தது.

ஆடியில் பெரியபாளையம் போனார்கள். செல்லியம்மாள் சந்நிதியில் நிற்கும்போது கால் கூசியது. வாக்குத் தவறியவள் என்கிற கூச்சம். தலை நிமிராமல் பொங்கல் வைத்தாள். சூடு ஆறுவதற்குள் ரத்னா ஒரு கைப் பொங்கலை அள்ளி வாயில் போட்டு, 'உஸ் உஸ்' என்று வாயைத் திறந்து காற்று வாங்கினாள். அம்மன் கோபமாக இருந்தால் இப்படியா சுடச்சுட ஊட்டுவாள் என்று செல்லியம்மாள் நினைத்துக்கொண்டாள். கோபம் இருந்தாலும் இருக்கட்டும், அதை வேறு எங்கேயாவது காட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

மார்கழிப் பனியில் ஒருநாள். டாக்டர் அப்போதுதான் பார்த்துவிட்டு, முகவாய் ஓர் அரிசி அகலம் வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தார். மூன்று விரல் நுழைந்தது. முகம் இன்னும் மைனா முகம்தான். அது மாற வருஷங்கள் ஆகும், இன்னொரு கத்தியும் காத்திருக்கலாம். கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ரத்னா நின்றாள்.

"எம்மா, நீ அந்தத் தெருவு போ. நான் இந்தத் தெருவு."

செல்லியம்மாள் சின்னக் கூடை ஒன்றில் கொஞ்சம் மடவையும் நண்டும் இறாலும் போட்டு அவள் தலையில் வைத்தாள். பெண் நடந்து தெருமுனையில் திரும்பி மறைந்தது. செல்லியம்மாள் அடுத்த தெருவுக்குப் போகவேண்டும். போகாமல் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றாள். தொண்டை வரைக்கும் வந்த கூவலை விழுங்கிவிட்டு, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"மடவே... நண்டே... எறாஆஆ..."

'ஆ' கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு கீறல் விழுந்தது. ஆனாலும் எழுந்து, அந்த வீட்டின் கூரை ஓட்டைத் தொட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. "செல்லியம்மாவா? இரு, பாத்திரம் எடுத்துக்கினு வர்றேன்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் குரல் கொடுத்தாள்.

செல்லியம்மாள் மதிலில் சாய்ந்துகொண்டாள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி முகத்தில் வழிந்தது. எது மீன் தண்ணீர், எது கண்ணீர் என்று அவள் துடைத்துப் பார்க்கவில்லை. தெருமுனையில் ரத்னாவின் தலை எட்டிப் பார்த்தது. அம்மா இன்னும் அங்கேயே நிற்பதைக் கண்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கையால் கூடையையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, தெரு அதிரக் கத்தினாள்.

"எம்மாஆஆ! வாய மூடிக்கினு இன்னா நின்னுக்கினு கீற? மீனு நாறிடப் போவுது!"

செல்லியம்மாளுக்கு நன்றாகக் கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்பதற்காக, கேட்காதவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.